நீலச் சாலும் காற்றின் கணக்கும்

அவுரி பயிரிடும் விவசாயி காற்றைத் தேடுகிறார். அந்த நீலத்தில் நூலைத் தோய்க்கும் சாயக்காரரோ காற்றுக்கு அஞ்சுகிறார். இருவரும் நமது அங்கத்தினர்களே. இம்முரண்பாட்டின் காரணம் விளங்கினால், சாலில் வீணாகும் சரக்கின் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம்.

அவுரியின் பச்சை இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. நிறமற்ற ஒரு பொருள் சர்க்கரையோடு பிணைந்து அதில் உறைகிறது. இலையை நீரில் ஊறவைத்தால் அப்பிணைப்பு அறுந்து, சர்க்கரை பிரிகிறது. பிறகு ஊறல் நீரைக் கடையும்பொழுது காற்றிலுள்ள பிராணவாயு கலக்கிறது. சர்க்கரையை இழந்த மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து நீலமாகி அடியில் படிகின்றன. நன்றாகக் கடையாத தொட்டியில் வண்டல் குறைவதன் காரணம் இதுவே.

இவ்வாறு பிறந்த நீலம் தண்ணீரில் கரைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் நூலின் உள்ளே புகவும் இயலாது. எனவே ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும் இட்டு, நீலத்தைக் கரையக்கூடிய மஞ்சட்பசிய உப்பாக மாற்றுகிறோம். இந்த உப்பு நூலின் உள்ளே சென்றபின் காற்றுப் பட்டு மீண்டும் நீலமாகி, அங்கேயே சிறைப்படுகிறது. சரிவர மாறாத நீலமோ தூளாக நூலின் மேல் ஒட்டி நிற்கும். கட்டியவர் உடலில் சாயம் ஏறும். சேலை சங்கத்திற்குத் திரும்பி வரும். நெய்தவரின் உழைப்பும் வீணாகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நீலத்தின் மூலக்கூறில் கரி அணு 16, ஜலவாயு அணு 10, நைட்ரஜன் 2, பிராணவாயு 2 உள்ளன. எடை முறையே 192, 10, 28, 32, ஆகமொத்தம் 262. இதனை மாற்ற ஒரு மூலக்கூறு ஹைட்ரோஸும் (174), நான்கு மூலக்கூறு காஸ்டிக்கும் (நான்கு நாற்பது, 160) வேண்டும். அதாவது ஒரு கிலோ தூய நீலத்திற்கு ஹைட்ரோஸ் 664 கிராம், காஸ்டிக் 611 கிராம். அவுரி வில்லையில் பாதியே நீலமாயின் கணக்கும் பாதியே. 1883இல் அடால்ஃப் வான் பேயர் இம்மூலக்கூறின் அமைப்பை வகுத்தார். 1897இல் ஜெர்மனியில் ஆலை நீலம் விற்பனைக்கு வந்தது. இலையில் வந்ததாயினும் ஆலையில் வந்ததாயினும் மூலக்கூறு ஒன்றே. ஆகையால் கணக்கும் ஒன்றே.

ஆனால் அனுபவமுள்ள சாயக்காரர் எவரும் இந்த அளவோடு நிறுத்துவதில்லை. கடைச் சரக்கு முற்றும் தூய்மையானதன்று என்பது ஒரு காரணம். மற்றொன்று, முக்கியமானது, காற்று. 32 கிராம் பிராணவாயு 174 கிராம் ஹைட்ரோஸைத் தின்றுவிடும். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ கால் கிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயு உண்டு. அது முழுவதும் சாலில் கலந்தால் சுமார் ஒன்றரை கிராம் ஹைட்ரோஸ் போய்விடும். பத்து லிட்டர் காற்று கலந்தால் பதினைந்து கிராம்! நுரை எழும்பக் கலக்குவதும், அகன்ற வாய்ப் பாத்திரத்தை மூடாது விடுவதும், நூலை உயர்த்தி உயர்த்தித் தோய்ப்பதும் காசைக் கரைக்கும் செயல்கள். அவுரித் தொட்டியில் நன்மையாய் இருந்த கடைதல் இங்கே நஷ்டமாகிறது. கோலை அடிமட்டத்தில் வைத்து மெதுவாகத் துழாவுக; நூலை நீருக்குள்ளேயே புரட்டுக.

கரைசல் மஞ்சட்பசுமையாகவும், மேலே செம்பு மினுமினுப்புள்ள நீல ஏடு படர்ந்தும் இருப்பின் சால் நலமாயிருக்கிறது. கரைசலே நீலமாகிவிட்டால் ஹைட்ரோஸ் தீர்ந்துவிட்டது எனக் கொள்க. அந்நிலையில் நூலை இறக்கலாகாது. சாலுக்குச் சிறிதளவு ஹைட்ரோஸ் இட்டு, நிறம் திரும்பும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

எச்சரிக்கையாக இரண்டு சொற்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுக. காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரக் கரண்டியை இடாதீர்கள். ஈரம் பட்டால் அது சூடேறித் தீப்பற்றவும் கூடும்.