கறிக்கோழித் தீவனத்தில் மஞ்சள், முருங்கை: கணக்குப் பார்த்துக் கலக்கலாம்

மஞ்சள் தூளும் முருங்கை இலையும் கலந்தால் கோழிக்கு மருந்தே வேண்டாம் என்று பலர் நம்புகின்றனர். இதில் பாதிதான் உண்மை.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தொடர்ந்து தீவனத்தில் கலந்தால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2006ல் இந்தப் பழக்கத்தைத் தடை செய்தன. இந்தியாவில் 2019ல் உணவுக்கான கால்நடை, கோழிகளுக்கு கொலிஸ்டின் மருந்து தடை செய்யப்பட்டது. அதனால்தான் மூலிகைகளின் மீது கவனம் திரும்பியுள்ளது.

கறியில் என்ன மாற்றம்?

கோழிக்கறியிலுள்ள கொழுப்பு காற்று பட்டுச் சிதைவதால் காறல் வாடை வருகிறது. மஞ்சளின் குர்குமினும் முருங்கை இலையின் வைட்டமின் 'இ' சத்தும் இந்தச் சிதைவைத் தாமதப்படுத்தும். முருங்கை இலையின் நிறமிகளால் தோலும் கொழுப்பும் இளமஞ்சளாகும். ஆனால் நிறம் கூடியதாலேயே சத்து கூடிவிட்டதாக நினைக்கக் கூடாது.

எவ்வளவு கலக்கலாம்?

100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ மஞ்சள் தூள் போதும். நிறத்துக்காகக் கலப்படம் செய்த தூளில் ஈயம் இருக்கலாம். நிறம் பூசாத விரலி மஞ்சளை வாங்கி அரைப்பது நல்லது.

முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ சேர்க்கலாம். 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். நார்ச்சத்தும் சப்போனினும் மிகுந்தால் எடை குறையும். முதல் 2 வாரக் குஞ்சுகளுக்கு முருங்கையைத் தவிர்க்கவும். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்த இலையைக் கலக்கவே கூடாது.

செலவு கட்டுமா?

ஒரு கோழி 3.5 கிலோ தீவனம் தின்றால், அதில் 17.5 கிராம் மஞ்சள் சேரும். மஞ்சள் கிலோ 200 ரூபாய் என்றால் கோழிக்கு 3.50 ரூபாய், 1,000 கோழிக்கு 3,500 ரூபாய். எடையிலோ, இறப்பு குறைவதிலோ, விற்பனை விலையிலோ இது திரும்பி வர வேண்டும்.

எனவே முதலில் ஒரே வயதுள்ள 100 கோழிகளை இரண்டாகப் பிரித்து, 50 கோழிகளுக்கு மட்டும் மூலிகைத் தீவனம் கொடுங்கள். வாரந்தோறும் எடை, தின்ற தீவனம், இறப்பு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். லாபம் தெரிந்தால் பண்ணை முழுவதற்கும் கொடுக்கலாம். ஒப்பந்த முறையில் வளர்ப்போர், நிறுவனத்தின் அனுமதியின்றி அவர்கள் தரும் தீவனத்தில் எதையும் கலக்க வேண்டாம்.

மறக்கக் கூடாதவை

வெள்ளைக்கழிச்சல், கம்போரோ தடுப்பூசிகளுக்கு மூலிகை மாற்றாகாது. ஆழ்கூளம் ஈரமாகாமல் தினமும் கிளறிவிட வேண்டும். கோழிகளைப் பிடிப்பதற்கு முன் தீவனத்தை நிறுத்தவும். பயண நேரத்தையும் சேர்த்து, அறுக்கும் வரை 8 முதல் 12 மணி நேர இடைவெளி போதும். பிடிக்கும் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. வெயிலில் ஏற்றாமல் இரவில் அனுப்பவும். வெப்பத்தில் தவித்த கோழியின் கறி வெளிறி, தளர்ந்து, நீர் வடியும். 40 நாள் கொடுத்த மஞ்சளின் பலன், அந்த ஒரு பகல் பயணத்தில் வீணாகிவிடும்.