அப்பாவின் நாற்காலிக்குப் புதுப் பிரம்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் புளோக்கின் கீழே ஒரு நடை போய்ப் பாருங்கள். குப்பைத் தொட்டி அறைக்குப் பக்கத்தில் கால் ஆடும் மேசை, கதவு தொங்கும் அலமாரி, தோல் உரிந்த சோபா என்று ஏதாவது ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். நகர மன்றத்துக்குத் தகவல் சொன்னால் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தூக்கிப் போடுவது இங்கே அவ்வளவு சுலபம்.

எங்கள் வீட்டு நாற்காலியும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல் போட்ட இருக்கை, இரண்டு பக்கமும் அகலமான கைப்பிடி. அப்பா வேலை முடிந்து வந்து உட்காரும் இடம். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இருக்கையின் நடுவில் ஓட்டை விழுந்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தோம். அம்மா ஈரறை வீட்டுக்கு மாறப்போகிறார். எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்ற பட்டியலில் இந்த நாற்காலியின் முறை வந்தது. காராங்கூனிக்காரர் பத்து வெள்ளி தருவதாகச் சொன்னார். அம்மா வாய் திறக்கவில்லை. ஆனால் துணிகளை எடுத்து அவருக்கு வழி விடவும் இல்லை.

“நான் சரி பண்றேன்மா” என்றேன். “நீ மைக்கைத் தவிர வேறென்னத்தப் புடிச்சிருக்க?” என்றார் அண்ணன். உண்மைதான்.

பழைய பொருளைப் புதுப்பிக்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே நிமிடத்தில் அழுக்கு மேசை பளபளக்கும். ஊடகம் படித்தவள் என்பதால் எனக்கு எப்போதும் அந்த வெட்டுகள்மேல்தான் கண். வெட்டி எறியப்பட்ட இடத்தில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் மரம் என்ன என்று பார்க்க வேண்டும். முழு மரம் என்றால் மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடரும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடாக இருந்தால் விளிம்பில் ஒரு கோடு காட்டிக்கொடுக்கும். அதை அழுத்தித் தேய்த்தால் தகடு போய் உள்ளிருக்கும் பலகை பல்லிளிக்கும். பழைய பெயின்ட் அடித்த சாமானாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

எங்களுடையது முழுத் தேக்கு. உப்புத்தாளில் 120ஆம் எண்ணில் தொடங்கி, 180, பிறகு 240. எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே போனால் கீறல் விழும், எண்ணெய் பூசியதும் அது இன்னும் தெளிவாகத் தெரியும். முகக்கவசம் கட்டாயம், தேக்குத் தூசி மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

வேலை செய்ய இடம்? வீவக வீட்டில் பட்டறைக்கு எங்கே போவது! பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஆகவே வரவேற்பறைச் சன்னலோரம் பழைய போர்வையை விரித்துக்கொண்டேன். காலை நிகழ்ச்சி முடிந்து வந்தால் மதியம் என்னுடையது. கையாலேயே தேய்த்ததால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கமும் கெடவில்லை.

பிரம்பு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பிரம்பு என்பது காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் கொடிப்பனை. அதன் தோலைச் சீவிப் பின்னுகிறார்கள். பின்னிய பாயாகவே வாங்கலாம். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் பின்னலை இறக்கி, மேலே ஒரு பிரம்புக் குச்சியை அடித்து இறுக்கியிருப்பார்கள். பழைய குச்சியை மெல்லிய உளியால் நெம்பி எடுத்து, பள்ளத்தில் காய்ந்திருந்த பசையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டவே ஒரு மதியம் போயிற்று. அந்தப் பள்ளத்தில் ஐந்து காசு ஒன்றும் கிடைத்தது. அம்மா அதை வாங்கித் துடைத்து, சாமி மேடையில் வைத்துவிட்டார்.

புதுப் பின்னலை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டால் துணிபோலத் துவளும். பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் நடுவில் மர ஆப்பு வைத்து இறக்கி, அடுத்து எதிர்ப்பக்கத்தின் நடுவில், பிறகு மற்ற இரண்டு பக்கங்களில், கடைசியில் மூலைகள். பள்ளத்தில் பசை விட்டு, ஊறிய குச்சியை மரச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டும். அப்போது பின்னல் கொஞ்சம் தொளதொளவென்றுதான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் இழுக்காதீர்கள். காயக்காய அது தானே இறுகும். மூன்றாம் நாள் விரலால் சுண்டினால் மேளம்போல் ஒலித்தது. டப்பாக்களில் போட்டிருக்கும் காயும் நேரத்தை நம்ம ஊரில் அப்படியே நம்ப முடியாது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. ஒரு நாள் என்றால் இரண்டு நாள் விடுங்கள்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது ஒற்றையாக விரித்துக் காயவிட்ட பிறகே போடுங்கள்.

இரண்டு கைப்பிடிகளில் இடப்பக்கம் சாதாரணம். வலப்பக்கக் கைப்பிடியின் முனையில் மட்டும் வார்னிஷ் முழுவதும் தேய்ந்து, மரம் கறுத்து, வழவழவென்று இருந்தது. அப்பாவின் உள்ளங்கை இருந்த இடம். செய்தி கேட்கும்போது அங்கே விரலால் தாளம் போடுவார். புதுப்பிக்கும் முறைப்படி பார்த்தால் முதலில் தேய்த்து எடுக்க வேண்டிய கறை அது. உப்புத்தாளோடு நான் குனிந்தபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

“அதுல மட்டும் கை வைக்காதே.”

“மத்ததெல்லாம் புதுசாத் தெரியும், இது மட்டும் அழுக்காத் தெரியுமேம்மா.”

“தெரியட்டும்.”

ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு லேசாக மெழுகு தடவினேன். அவ்வளவுதான் செய்தேன். வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் விரல் வைத்து, “இங்கே விட்டுப்போச்சே” என்கிறார்கள். அம்மா பதில் சொல்வதில்லை.

செலவு, பிரம்பு, பசை, எண்ணெய், தாள், முகக்கவசம் எல்லாம் சேர்த்து 74 வெள்ளி. நேரம், ஆறு மதியங்கள். கால் உளுத்திருந்தாலோ மூட்டு பிளந்திருந்தாலோ நான் தொட்டிருக்க மாட்டேன், அது தச்சர் வேலை. எதிர்வீட்டு மாக்சிக் தன் முக்காலியைக் கொண்டுவந்து காட்டினார். அது பிளாஸ்டிக் பிரம்பு, எவ்வளவு ஊறவைத்தாலும் இறுகாது. மீந்த பின்னலை அதற்கு அளந்து வைத்திருக்கிறேன்.

புது வீட்டின் வரைபடத்தில் அம்மா பென்சிலால் இடம் குறித்துக்கொண்டிருக்கிறார். சன்னலோரம் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் ‘நா’ என்று எழுதியாகிவிட்டது. தொலைக்காட்சிக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை.