முதுகைக் காட்டி உட்கார்!

தேவாரம், பொட்டிப்புரம் பக்கம் போய் 'நியூட்ரினோ' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் உடனே ரெண்டு கட்சி உருவாகிவிடும். "கதிர்வீச்சு வந்து ஊரே அழிஞ்சுடும்ப்பா" என்று ஒரு கோஷ்டி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு கோஷ்டி. அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்ட மத்திய அரசு 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் கோர்ட், கேஸ் என்று எத்தனை வருஷம் போனாலும் பேச்சு மட்டும் ஓயவில்லை.

மலைக்கும் தண்ணிக்கும் என்ன ஆகுமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் நியூட்ரினோ பாவம், பரம சாது. இதைப் படிக்கிற இந்த விநாடியிலும் உங்கள் உடம்பு வழியாகக் கோடி கோடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. தெரிகிறதா? தெரியாது!

அதன் பூர்வீகத்தைத் தோண்டினால்தான் விவகாரம். நேராக அணுகுண்டில் போய் முட்டுகிறது.

ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1951-ல் பசிபிக் கடலின் எனிவெடாக் தீவில் அணுகுண்டுச் சோதனையில் வேலை பார்த்தவர். நியூட்ரினோவைப் பிடிக்க அவர் முதலில் போட்ட திட்டம் என்ன தெரியுமா? அணுகுண்டை வெடிப்பது, பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டி, அதே நேரத்தில் கருவியை உள்ளே விழவிடுவது. கருவிக்கு அடிபடக்கூடாதே? குழிக்கு அடியில் பறவை இறகும் ஃபோம் ரப்பரும்! அப்புறம் யோசனை மாறி, அணு உலைக்குப் பக்கத்தில் வைத்து 1956-ல் பிடித்தார். 1995-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

சரி, கருவிக்கு இறகு மெத்தை. அதே வருஷங்களில் சிப்பாய்களை எங்கே வைத்தார்கள்?

நெவாடா பாலைவனத்தில் பதுங்குகுழியில். கிறிஸ்துமஸ் தீவில் வெட்டவெளிக் கடற்கரையில், பலரை வெறும் அரை டிரவுசரோடு. "முதுகைக் காட்டி உட்கார். கண்ணைப் பொத்து." அவ்வளவுதான் பாதுகாப்பு. மூடிய கண்ணுக்குள்ளேயே சொந்தக் கை எலும்பு எக்ஸ்ரே மாதிரி தெரிந்தது என்று பலர் பிற்பாடு சொன்னார்கள். நம்ம பக்கம் ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே 'ஏன் சார்?' என்று கேட்கிற பழக்கமே கிடையாது.

1957 ஆகஸ்ட் 31. நெவாடாவில் 'ஸ்மோக்கி' என்ற குண்டு, 44 கிலோ டன். ஹிரோஷிமாவைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு. அதில் கலந்துகொண்ட 3,224 பேரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, 1980-ல் கணக்குச் சொன்னது. வழக்கமாக 3 அல்லது 4 பேருக்கு வரக்கூடிய ரத்தப் புற்றுநோய், 9 பேருக்கு வந்திருந்தது. தற்செயல் என்று வாதாடியவர்களும் உண்டு.

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டுகிற ஃபிலிம் பேட்ஜ், பிரிட்டிஷ் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படவே இல்லை. அப்புறம் பென்ஷன் கேட்டுப் போனால், "ஆதாரம் எங்கே?" அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வேறு தொல்லை. ரகசியப் பிரமாணம்! டாக்டரிடம்கூட வாய் திறக்க முடியாது. அந்தப் பூட்டு 1996-ல்தான் கழன்றது.

பிரிட்டன் தன் முதல் குண்டை 1952 அக்டோபரில் வெடித்தது. சோதனைகளில் நின்றவர்களுக்கு மெடல் அறிவித்தது 2022 நவம்பரில். கிறிஸ்துமஸ் தீவில் பிஜி சிப்பாய்களும் இருந்தார்கள். பிரிட்டன் கொடுக்கட்டும் என்று காத்திருந்து சலித்துப்போன பிஜி அரசு, 2015-ல் தன் கஜானாவிலிருந்தே அவர்களுக்குப் பணம் கொடுத்தது. வாங்க வந்தவர்கள் கிழவர்கள். பலருக்குப் பதில் பிள்ளைகள்.