கட்டும் விடுதலையும்

"கட்டு" என்னும் சொல் மலைநாட்டாருக்கு இனிய சொல்லன்று. தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால் அவனை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். கடன் தீராதவரை அவனுக்கு வேறு தோட்டம் இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறைக்குத் தடை விதித்தது. இந்நினைவு ஊவாவின் தோட்டங்களில் இன்னும் மறையவில்லை. ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் விமானியை இருக்கையோடு பிணைக்கும் பட்டிகளைப் பற்றிப் பதுளையில் நான் பாடம் நடத்தியபோது, மாணவி ஒருத்தி, "அதுவும் ஆளைக் கட்டிப்போடுவதுதானே, சேர்?" என்று கேட்டாள்.

அவளுக்கு பெஸி கோல்மனின் வரலாற்றைச் சொன்னேன். பருத்தி பறித்து வளர்ந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவர். நிறத்தையும் பெண்மையையும் காட்டித் தாய்நாட்டு விமானப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. பிரான்சுக்குச் சென்று, அதே 1921இல் விமானி உரிமம் பெற்றார். 1926 ஏப்ரல் 30ஆம் நாள், பாராசூட்டில் குதிக்கவிருந்த நிலத்தை எட்டிப் பார்க்க வேண்டிப் பட்டி அணியாமல் அமர்ந்திருந்தார்; விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். திடீரென அது தலைகீழாய்ப் புரள, கோல்மன் வெளியே வீசப்பட்டு மாண்டார். விமானத்தோடு வீழ்ந்த விமானியும் பிழைக்கவில்லை. பட்டி மந்திரமன்று; ஆயினும் அஃதின்றி விமானத்தில் நிலைத்திருத்தலே அரிது.

தலைகீழாய்ப் பறக்கையில் உடலின் பாரம் முழுவதும் பட்டிகளில் தொங்கும். அவை தளர்ந்திருப்பின் விமானி இருக்கையை விட்டு எழும்புவார். தலை கூரையில் முட்டும். கைகால்கள் விசைகளுக்கு எட்டா. ஆதலால் முதலில் இடைப்பட்டியை, வயிற்றின் மீதன்று, இடுப்பெலும்பின் மீது தாழ்த்தி இறுக்க வேண்டும். தோள்பட்டிகள் அதன் பின்னரே. முறை மாறினால் தோள்பட்டிகள் இடைப்பட்டியை வயிற்றுக்கு இழுத்துவிடும். அதைத் தடுக்கவே தொடைகளுக்கிடையே ஐந்தாம் பட்டி அமைந்தது. பட்டி எதிலும் முறுக்கு இருத்தலாகாது.

நம் தாய்மாருக்கு இவ்வொழுங்கு விளங்காததன்று. இடுப்பில் படங்கை இறுகக் கட்டிய பின்னரன்றோ கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டுகின்றனர்!

துண்டின் முடிச்சு பிறர் கையில் இருந்தது. விமானியின் பட்டிகளோ பெரும்பாலும் நடுவிலுள்ள ஒரே பூட்டில் வந்து கூடுகின்றன. அவர் கை ஒருமுறை அசைந்தால் அவை ஒருங்கே அவிழும். கட்டுபவரும் அவரே, அவிழ்ப்பவரும் அவரே. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டிய வேற்றுமை இதுவே.