பாதை மூடினாலும் திறந்தாலும் அடுப்பு எரிய வேண்டும்



2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். சங்கக்கடை வாசலில் விடிய முன்னரே வரிசையில் நின்றோம். 2009இல் பாதை திறந்தபோது மகிழ்ந்தோம். ஆனால் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறிகள் வந்து இறங்க, எமது விளைச்சலின் விலை விழுந்தது. மூடினால் பட்டினி, திறந்தால் கடன் என்ற நிலை ஏன் வந்தது?

இது புதிய கதையல்ல. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. 1977இன் பின் இறக்குமதி திறந்து விடப்பட்டதும் அதே தோட்டக்காரர் நொடிந்தனர். உழைப்பு மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. விலையைத் தீர்மானிக்கும் கை மட்டும் எம்மிடம் இருக்கவில்லை.

விளைவிப்பவர் வாழக்கூடிய விலை, உண்பவர் வாங்கக்கூடிய விலை, பிள்ளைகளுக்கு மிஞ்சும் மண்ணும் நீரும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நீதியான உணவு முறை. இதை நான்கு படிகளில் கட்டலாம்.

1. முதலில் வீட்டுப் பானை

நிலம் முழுவதும் ஒரே பணப்பயிரை வைத்தால் சந்தை விழும்போது வீடும் விழும். குத்தகைக் காணியாயினும் ஒரு பகுதியை வீட்டுக்கென ஒதுக்குவோம். மாரியில் மொட்டைக்கறுப்பன் நெல், மேட்டில் குரக்கன், உழுந்து, பயறு, வேலியோரம் முருங்கை, மரவள்ளி ஆகியவை போதிய தொடக்கம். ஒடியலும் புழுக்கொடியலும் பஞ்ச காலத்தில் எம்மைக் காத்தவை. வளவில்லாத குடும்பங்கள் பைகளில் கீரையும் மிளகாயும் வளர்க்கலாம். அடுத்த போகத்துக்கான விதையை நாமே எடுத்து வைப்பது கடனைப் பாதியில் நிறுத்தும்.

2. கிணற்றைக் காப்போம்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கல்லுக்குள் இறங்கி எமது கிணற்று நீராகிறது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் அதே வழியால் இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகள் இதைத் தாண்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைப்பது ஆபத்து.

1990இன் பின் பொருளாதாரத் தடையால் உரம் வராத காலத்தில் பூவரசங்குழையும் எருவும் தாட்டு, பட்டி அடைத்துப் பயிர் செய்தோம். அந்த அறிவு எம்மிடம் உண்டு. ஆனால் 2021இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்டபோது நாடு முழுவதும் விளைச்சல் விழுந்ததையும் கண்டோம். ஆகவே ஒரேயடியாக அல்ல, போகத்துக்குப் போகம் உரத்தைக் குறைத்து, சணலும் குழையும் கூட்டுவோம்.

3. சேர்ந்து விற்போம்

விதை வெங்காயத்துக்காக நகையை அடகு வைத்தவர் அறுவடை அன்றே விற்க வேண்டியவராகிறார். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை இறங்கும். சில சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டப்படுகிறது. கொண்டு போனது நூறு, காசு தொண்ணூறுக்கு.

தனி ஒருவர் இதைத் தட்டிக் கேட்க முடியாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் சொந்தத் தராசு வைக்கலாம், வெங்காயத்தைப் பிடி கட்டித் தொங்கவிட்டுப் பகுதி பகுதியாக விற்கலாம், பாடசாலைகளுக்கும் ஊர்க் கடைகளுக்கும் நேரே கொடுக்கலாம். மூளாயில் கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரியையே கட்டிய மண் இது. ஆனால் கணக்கு மறைக்கப்பட்ட நாளிலேயே சங்கம் சாகும். மாதந்தோறும் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும்.

4. எமக்குள்ளும் நீதி

வியாபாரியிடம் நீதி கேட்கும் நாம், களை பிடுங்கும் பெண்ணுக்கு என்ன கூலி கொடுக்கிறோம்? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களில் சிலரின் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அவர்களிடம் நாம் கேட்கும் குத்தகை எவ்வளவு? சாதி பார்த்துக் கிணற்றை மறுக்கிறோமா? வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடும்படி லேவியர் நூல் (அதிகாரம் 19) கட்டளையிடுகிறது. அது பிச்சையல்ல, அவர்களது உரிமை.

பாதை எம் கையில் இல்லை. பானையும் கிணறும் தராசும் எம் கையில் உண்டு.

கூடிச் சிந்திக்க:

அ. சென்ற போகத்தில் எமது செலவில் எவ்வளவு வெளியே போனது?
ஆ. பாதை மூன்று மாதம் மூடினால் எமது வீட்டில் என்ன இருக்கும்?
இ. காணியில்லாத அயலவருக்கு எமது ஊர் எதைப் பகிரலாம்?