மருந்து முடிந்த பிறகு



"தொழுநோய்க்குத்தான் மருந்து வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அந்த வார்டு?" என்று எங்களிடம் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தன் காணிக்கை எங்கே போகிறது என்று அறியக் கொடுக்கிறவருக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மருந்து இருப்பது உண்மை. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. 1995 முதல் அது இலவசமாய்க் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அழிந்துவிடும். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா அடைந்தது. அத்தோடு நோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள். ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது உலக மொத்தத்தில் பாதிக்கும் மேல்.

கிருமி போனாலும், அது நெடுநாள் கெடுத்த நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்தக் கிருமி உடலில் சூடு குறைந்த இடங்களை நாடும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் அதற்கு அகப்பட்டுக்கொள்கின்றன. முதலில் உணர்ச்சி போகும். பிறகு விரல்கள் மடங்கிக்கொள்ளும். சிலருக்குக் கண் இமை மூடாது. நரம்பு கெடத் தொடங்கிய சில மாதங்களுக்குள் வந்தால் பிரெட்னிசலோன் கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. பயத்தினால் ஒளித்து வைத்து, காலந்தாழ்த்தி வருகிறவர்களே எங்கள் வார்டை நிரப்புகிறார்கள்.

விரல்கள் ஏன் குறைகின்றன? நோயே சதையைத் தின்கிறது என்று டாக்டர்களும் நெடுநாள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை மாற்றினவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதியருக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன கையோடிருந்த ஒருவர் அவருடைய கையை இறுகப் பிடித்தார். வலி தாங்க முடியவில்லை! இத்தனை பலம் இருக்கிறதென்றால் சில தசைகள் கெடாமல் இருக்கின்றன என்று அவர் புரிந்துகொண்டார். அந்த நல்ல தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன் அப்படித்தான் வேலூரில் பிறந்தது.

பிறகு ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டிற்று. அவன் விரல் எலும்பு தெரியும்வரை அறுந்திருந்தது, அவனுக்கு அது தெரியவேயில்லை. அதன்பின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பு ஆணி என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. இரவில் காணாமற்போன விரல்களுக்கு எலிகள் காரணம் என்று தெரிந்தபோது, வீடு திரும்புகிறவர்களோடு பூனைகளையும் அனுப்பினார்கள்.

ஆபரேஷன் வெற்றியாய் முடிந்தவர்களில் சிலர் சில மாதங்களில் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை நேரானதால் பிச்சை கிடைக்கவில்லை. வடு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கையை மட்டும் நிமிர்த்தினால் போதாது என்று கண்டு, அவர்கள் தங்கித் தச்சுவேலை கற்க நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது.

இதில் சமுதாயத்தின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 1898-ஆம் வருடச் சட்டத்தின்படி, பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே பிடித்து அடைத்து வைக்கலாம். ஒருவேளை அன்றைக்கு மருந்தில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல்தான். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தின் கதை இன்னும் வேதனை. 2001-ல் அதைத் திருத்தினபோது, தீராத தொழுநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. குணமாக்கும் மருந்து வந்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது! 2019-ல்தான் இந்தச் சட்டத்திலிருந்தும் வேறு சில குடும்பச் சட்டங்களிலிருந்தும் அந்தக் காரணத்தை எடுத்தார்கள்.

மிஷன் ஸ்தாபனங்களும் இதற்கு விலக்கல்ல. எல்லாரும் துரத்தினவர்களுக்கு அன்றைய தொழுநோய் இல்லங்கள் சோறும் கூரையும் கொடுத்தன, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் அவற்றில் பல, புருஷனையும் மனைவியையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்தன. சபையிலும் பழைய பயம் போகவில்லை. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைக் கவனித்து வாசித்தால், வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் குஷ்டதோஷம் உண்டாவதைக் காணலாம். சுவருக்கு எப்படித் தொழுநோய் வரும்? அங்கே சொல்லப்படுவது இன்று நாம் அறிந்த இந்த ஒரு நோயை மட்டும் அல்ல என்பதே வேத பண்டிதர் பலருடைய கருத்து. அப்படியிருக்க, "குஷ்டரோகி" என்ற பெயரை மருந்து முடித்த ஒருவர்மேல் இன்னும் போடுவது எதற்கு?

வார்டில் நடப்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மாலையில் எல்லாரும் வட்டமாய் உட்கார்ந்து கைகால்களைத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள், காய்ப்பைத் தேய்த்து எண்ணெய் தடவுகிறார்கள். பிறகு ஒவ்வொரு விரலையும் பாதத்தையும் கண்ணால் சோதிக்கிறார்கள். நமக்கு வலி செய்கிற வேலையை அவர்களுக்குக் கண் செய்ய வேண்டும். கேட்க எளிது, ஆயுள் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் செய்வது கடினம். தன் கையைப் பார்க்கவே கூசி முந்தானைக்குள் மறைத்து வந்தவர்கள், சில வாரங்களில் பக்கத்திலிருப்பவரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, "அக்கா, இங்கே சிவந்திருக்கு, நாளைக்கு நடக்காதீங்க" என்று சொல்லுகிறார்கள். சுகம் ஆரம்பித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிவது அப்போதுதான்.

இனி செருப்பு. உணர்ச்சியற்ற பாதத்துக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு அவசியம். இல்லாவிட்டால் நடக்க நடக்க ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் வரும். ஆனால் அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தவுடனே ஊரில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று, ஊர் எல்லையில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆகவே எங்கள் செருப்புப் பட்டறையில் இப்பொழுது கடைச் செருப்பு போலவே தைக்கிறோம்; வாரின் நிறத்தை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். ரப்பர் அமுங்கினதும் மாற்றித் தர வேண்டும் என்பதால் இந்தச் செலவு ஒரு தடவையோடு முடிவதில்லை. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு தோலுக்கும் ரப்பருக்கும் பக்கிளுக்கும் போகிறது.