ஒரு மில்லிமீட்டரின் மதிப்பு

மலத்துடன் ரத்தம் வெளியேறினால் அதை மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு, மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்க்கும் வழக்கம் சாக்கோட்டை வட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழகமெங்கும் உண்டு. பலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். சிலருக்கு மலக்குடல் புற்றுநோயாக இருக்கக்கூடும். திசுப் பரிசோதனை நோயை உறுதிசெய்த பின்னர், அது எவ்வளவு ஆழம் பரவியுள்ளது என்பதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம்.

மலக்குடலைக் கொழுப்புத் திசுவும், அதனை ஒரு மெல்லிய உறையும் சூழ்ந்துள்ளன. கட்டிக்கும் அந்த உறைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு எனில், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோய் எஞ்சிவிடும் அபாயம் அதிகம். அத்தகையோருக்கு முதலில் கதிர்வீச்சும் கீமோதெரபியும் அளித்துக் கட்டியைச் சுருக்க முற்படுவர். ஆசனவாயைக் காப்பாற்ற முடியுமா, வயிற்றில் நிரந்தரமாகப் பை பொருத்த நேருமா என்பதைத் தீர்மானிப்பதிலும் இந்தப் படத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால், தெளிவான படத்துக்கு விலை உண்டு. அந்த விலை நேரம். மற்றவை மாறாதிருக்க, இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞையின் வலிமையை இரு மடங்காக்க, படமெடுக்கும் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். குறைந்துசெல் விளைவு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் பொருளியலில்கூடக் கிடைப்பது அரிது. நேரம் நீண்டால் குடல் அசைந்து படம் மங்குவதும் உண்டு.

இந்தத் தடையைத்தான் ஆழ்கற்றல் தொழில்நுட்பம் தளர்த்துகிறது. முழு அளவில் எடுத்த படங்களையும், அவற்றின் தரவைக் குறைத்து உருவாக்கிய படங்களையும் இணை இணையாகக் காட்டிக் கணினி பயிற்றுவிக்கப்படுகிறது. பின்னர் குறைந்த தரவிலிருந்தே அது தெளிவான படத்தை மீட்டுத் தருகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையமும் ஃபேஸ்புக் நிறுவனமும் 2018-இல் தொடங்கிய கூட்டாய்வு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தரவைக் கொண்டே முழங்கால் நோயைக் கணிக்க இயலும் என்று 2020-இல் காட்டியது.

எனினும், முழங்கால் வேறு, மலக்குடல் வேறு. கணினி சில நேரங்களில் இல்லாத கோட்டை வரைந்துவிடக்கூடும். இருக்கும் நுண்ணிய கோட்டை அழித்துவிடவும் கூடும். ஒரு மில்லிமீட்டரே சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடத்தில் கண்ணுக்கு அழகான படம் போதாது. உண்மையான படம் வேண்டும்.

1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகளை வாங்குகிறது. இந்த மென்பொருளை வாங்குமுன், நம் நோயாளிகளின் படங்களில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய திசு முடிவுகளோடு ஒப்பிட்டு அதைச் சோதிக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். மிச்சமாகும் நிமிடங்கள், ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்குப் பேருந்து ஏறும் நோயாளியின் காத்திருப்பைக் குறைக்கவே முதலில் பயன்பட வேண்டும். ரத்தப்போக்கை மறைக்காமல் மருத்துவரிடம் உரிய காலத்தில் செல்வது நம் கடமை.